அரிசி மறைத்த நோய்

சீலியாக் நோய் வடநாட்டாருக்கு வருவது என்று சொல்லித் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை உண்ணும்போது, சிலருடைய உடலின் எதிர்ப்புச் சக்தி அவர்களது சிறுகுடலின் உட்சுவரையே தாக்கிச் சிதைக்கும் நோய் இது. சோறு தின்னும் ஊரில் இதற்கு என்ன வேலை என்று கேட்பது இயல்புதான். அதற்கு ஒரு பதில் 2016இல் கிடைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் குடல்நோய் மருத்துவராக இருந்த பி.எஸ். ராமகிருஷ்ணாவும் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கோவிந்த் மகாரியாவும் பிற ஆய்வாளர்களும் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேரின் இரத்தத்திலும், வடகிழக்கில் 0.87 பேரிடமும், தெற்கே 0.10 பேரிடமும் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. ஆகத் தென்னாட்டில் இது வடக்கில் உள்ளதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் அளந்தது. இந்த நோய் வர வேண்டுமானால் டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்ற மரபணு வகை ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த வகை வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கே 36 பேரிடமும் இருந்தது. அந்த இடத்தில் இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒன்றே. பெரிதும் வேறுபட்டது தட்டு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம்; தெற்கே வெறும் 25 கிராம்.

இந்த எண்களிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது: நம்மை இதுவரை பெரிதும் காத்து வந்தது சோறு. அந்தக் காப்பு இப்போது குறைந்துவருகிறது. ஆகவே இந்த நோயை எதிர்பார்த்துத் தேடும் பழக்கம் தெற்கே இப்போதே வர வேண்டும். அந்தத் தேடல், உணவை மாற்றுவதற்கு முன்பே நடக்கவும் வேண்டும். இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்றை முதலிலேயே பார்த்துவிடலாம். கோதுமையின் அளவு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. பின்லாந்தையும் அதன் எல்லைக்கு அப்பால் ரஷ்யாவுக்குட்பட்ட கரேலியாவையும் ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. இரு பக்கத்துக் குழந்தைகளும் மரபணுவிலும் கோதுமை உண்பதிலும் நெருங்கியவர்கள். ஆயினும் பின்லாந்தில் 107 பேரில் ஒருவருக்கு இருந்த நோய் கரேலியாவில் 496 பேரில் ஒருவருக்கே இருந்தது. வாழும் சூழல், தொற்றுகள், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் இவற்றுக்கும் பங்கிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேலே சொன்ன இந்திய ஆய்விலேயே வடகிழக்கு மக்கள் நாளுக்கு 37 கிராம் கோதுமைதான் உண்கிறார்கள். அவர்களிடம் நோய் நம்மைவிடப் பல மடங்கு இருக்கிறது. இதை மழுப்பிவிட முடியாது. ஆனால் இந்த எதிர்வாதத்தால் நம் கவலை குறைவதற்கு வழியில்லை. குறைந்த கோதுமையோடும் நோய் கணிசமாக வரலாம் என்றால், சோறு தின்பதாலேயே நமக்குக் கவலையில்லை என்ற நம்பிக்கைக்கு இன்னும் இடம் குறைகிறது. அளவுக்குப் பங்கு உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 1980களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கும் மேலாக ஸ்வீடனில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்நோய் கொள்ளைநோய்போல் பெருகியது. குழந்தை உணவுகளில் கோதுமை மாவு கூடியதும், தாய்ப்பால் நின்ற பிறகே கோதுமை கொடுக்கும் வழக்கம் வந்ததும் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடிக்கவே மருத்துவத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ, வயிறு உப்பி, கைகால் சூம்பி, வெளிறிய பேதியோடு நலிந்த குழந்தைகளின் நோயைத் தெளிவாக வருணித்து, இதைக் குணப்படுத்த முடியுமானால் அது உணவால்தான் முடியும் என்றார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முதன்மையாக வைத்து ஓர் உணவுமுறை வகுத்தார். சாகக் கிடந்த குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் மருந்து இருப்பதாக உலகம் நம்பியது. அந்த உணவில் ரொட்டி இல்லாததுதான் உண்மையான காரணம். அதை அறியாததால், குணமாகிவிட்டது என்று எண்ணி மறுபடி ரொட்டி கொடுக்க இடம் இருந்தது. உண்மையை நெருங்கியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்குக் கோதுமை மீது சந்தேகம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த மேற்கு நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது, ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினி கிடந்த அந்த நாட்களில் இக்குழந்தைகளின் நிலை மோசமாகாதது அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. போர் முடிந்த பின், வான் டி காமர், வெயர்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து, கோதுமை கொடுத்தும் நிறுத்தியும் குழந்தைகளின் மலத்தில் கழியும் கொழுப்பை அளந்தார். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டை அளித்தார். ஹாஸ் கண்ட முன்னேற்றம் உண்மையானதே. எதை நீக்கியதால் அது வந்தது என்று பிரித்துச் சோதித்தவர் டிக்கே. பிறகு வரும் வாதத்துக்கு இந்த வேறுபாடு தேவைப்படும்.

குளூட்டனில் என்ன இருக்கிறது என்பது இன்று தெளிவாகவே தெரியும். புரோலின், குளூட்டமைன் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக அமைந்த இந்தப் புரதத்தை நம் செரிமான நொதிகளால் முழுதாக வெட்ட முடிவதில்லை. இது எல்லா மனிதருக்கும் பொது. வெட்டுப்படாமல் எஞ்சும் 33 அமினோ அமில நீளத் துண்டு ஒன்றை ஸ்டான்ஃபோர்டின் சைதன் கோஸ்லா குழுவினர் 2002இல் இனங்கண்டார்கள். பெரும்பாலோரின் குடலில் இத்துண்டுகள் தீங்கின்றிக் கடந்து போகின்றன. சீலியாக் நோயாளியின் குடற்சுவரில் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி இவற்றைச் சற்றே மாற்றிவிடுகிறது. மாறிய துண்டு டி.கியூ.2, டி.கியூ.8 மூலக்கூறுகளில் கச்சிதமாகப் பொருந்தி, வெள்ளணுக்களைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட உடல் அந்த நொதிக்கே எதிராகவும் எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. இதை 1997இல் பெர்லினில் டெட்லெஃப் ஷுப்பன் குழுவினர் கண்டறிந்ததால், இன்று ஒரு குழாய் இரத்தத்தில் நோயை எளிதாகத் தேட முடிகிறது. தாக்குதலில் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் தட்டையாகிப் போகின்றன. சத்தை உறிஞ்சும் பரப்பு குறைகிறது; முதலில் இரும்பும் கால்சியமும், பிறகு மற்றவையும் உடலில் சேராமல் போகின்றன. இது ஒவ்வாமை அன்று. உடனே தடிப்பு வந்து மூச்சுத் திணறி அடங்கிவிடும் கோதுமை ஒவ்வாமை வேறு. சீலியாக் நோயில் சேதம் மெல்ல, பல ஆண்டுகள், சில வேளை எந்த வலியும் இல்லாமலேயே நடக்கிறது.

வலியில்லாமல் நடப்பதுதான் கண்டுபிடிப்பதற்குப் பெரிய தடை. பேதியும் உப்பிய வயிறும் கொண்ட குழந்தை பாடநூலில் இருக்கிறது. நேரில் வருபவர் வேறு முகத்தோடு வருகிறார்: எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கியும் இரத்தசோகை தீராத பெண், வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளமாக நின்றுவிட்ட சிறுவன், நாற்பது வயதிலேயே எலும்பு தேய்ந்தவர், அடுத்தடுத்துக் கரு கலைந்தவர், ஆறாத வாய்ப்புண்ணோ முழங்கையில் அரிக்கும் கொப்புளமோ உள்ளவர். இந்தியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கும் நாட்டில், இன்னொரு இரத்தசோகை யார் கண்ணிலும் படுவதில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அந்தப் பெண்ணே குற்றம் சுமக்கிறாள். தெற்கே இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல்நோய் ஊர் ஊராகப் பரவியது. செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் வேலூரில் அதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார்கள். அந்த நோயிலும் குடலுறிஞ்சிகள் சிதைகின்றன. அதற்கு மருந்து நுண்ணுயிர்க்கொல்லியும் ஃபோலிக் அமிலமும். ஆகவே சிதைந்த குடலை நுண்ணோக்கியில் கண்ட தென்னாட்டு மருத்துவருக்கு ஸ்ப்ரூ நினைவுக்கு வருவதில் நியாயமுண்டு. இரண்டையும் பிரித்தறிய இரத்தச் சோதனை தேவை. அதைக் கேட்கத் தோன்றாவிட்டால், சீலியாக் நோயாளி மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பி இரவு சப்பாத்தி தின்பார்.

இரவுச் சப்பாத்தியைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தட்டில் கோதுமை ஏறிய வழிகளில் பரோட்டாவும் பேக்கரியும் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றைவிட ஆழமாகப் போனது மருத்துவ நம்பிக்கை: சர்க்கரை வந்தால் இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாற வேண்டும் என்பது இன்று வீட்டுக்கு வீடு சட்டம். விரத நாட்களில் சோற்றுக்குப் பதிலாகக் கோதுமை ரவை உப்புமா, குழந்தைக்குப் பாலோடு மால்ட் பானம், நோயாளிக்கு ரொட்டி என்று உடம்புக்கு நல்லது என்ற பெயரிலேயே குளூட்டன் உள்ளே வருகிறது. இதில் பெரிதும் கவலைக்குரியவர்கள் முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகள். அதுவும் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்தான். இரண்டுக்கும் மரபணுப் பின்னணி ஓரளவு பொது. முதல் வகை நீரிழிவு உள்ளோரில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குச் சீலியாக் நோயும் இருப்பதை உலகெங்கும் கண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களின் சர்க்கரை நோய்க்குச் சொல்லும் அதே சப்பாத்தி அறிவுரை போய்ச் சேருகிறது. இலங்கையைப் பார்த்தால் இந்த மாற்றம் இன்னும் முன்பே வந்துவிட்டது. அங்கே பாண் என்ற பேக்கரி ரொட்டியும், மலையகத் தோட்டங்களில் கோதுமை மாவு ரொட்டியும் தலைமுறைகளாக அன்றாட உணவு. தமிழர் என்றால் சோறு தின்பவர் என்ற கணக்கு அங்கே எப்போதோ பொருந்தாமல் போய்விட்டது.

பத்தாயிரத்தில் பத்துப் பேரிடம் மட்டுமே எதிர்ப்பொருள் தென்படும் நோய்க்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். தமிழ்நாட்டுப் பெரியவர்களுக்கு அந்த விகிதத்தைப் பொருத்தினாலே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வருகிறது. தமக்கு நோய் இருக்கக்கூடும் என்பதை அவர்களில் அறிந்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள் என்பது என் கணிப்பு. மறுபுறம், நோய் இல்லாத பலர் குளூட்டனை விட்டுவிட்டதாகப் பெருமையோடு சொல்கிறார்கள். விட்டதும் வயிறு லேசானது, அதற்குமேல் எதற்குச் சோதனை என்பது அவர்கள் வாதம். லேசானது உண்மையாக இருக்கலாம். ஆனால் கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை. ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகையும் இருக்கிறது. அது பெருங்குடலில் நொதித்து வாயு உண்டாக்கும். 2013இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன் குழுவினர், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பியவர்களுக்கு முதலில் இப்படி நொதிக்கும் சர்க்கரைகளைக் குறைத்து, பிறகு அவர்களுக்குத் தெரியாமல் குளூட்டன் கொடுத்துப் பார்த்தார்கள். குளூட்டனால் தனியே குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் தென்படவில்லை. 2018இல் நார்வேயில் நடந்த சோதனையில் ஃப்ரக்டானே அதிகத் தொல்லை கொடுத்தது. வாழைப்பழம் குணப்படுத்தியதாக எண்ணியவர்கள் செய்த பிழை இங்கேயும் நிகழ்கிறது. தேறியது உண்மை, காரணம் வேறு. இப்படிப்பட்டவர்களுக்குச் சீலியாக் நோய் இல்லையென்றால் நட்டம் பெரிதில்லை. இருந்தால் நட்டம் மிகப் பெரிது. குளூட்டனை நிறுத்திய சில மாதங்களில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும். அப்போது சோதித்தால் ஒன்றுமில்லை என்றே வரும். உண்மையை அறிய மறுபடி வாரக்கணக்கில் கோதுமை தின்று நோயை வரவழைக்க வேண்டும். நோய் உறுதிப்படாதவர் ஒரு கல்யாணத்தில், ஒரு பயணத்தில் விதியைத் தளர்த்துவார். அவருடைய தம்பி தங்கையையோ பிள்ளையையோ யாரும் சோதிக்க மாட்டார்கள்.

சோதனை அப்படியொன்றும் கடினமானதும் இல்லை. கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அந்த வகை எதிர்ப்பொருளே சுரக்காத நோயாளிகளும் சிலர் உண்டு, அவர்களிடம் முதல் சோதனை பொய் சொல்லும். பெரியவர்களுக்கு அதன்பின் எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் சதைத் துணுக்குகள் எடுத்து உறுதி செய்கிறார்கள். குழந்தைகளில் எதிர்ப்பொருள் மிக உயர்ந்திருந்து இரண்டாவது இரத்தச் சோதனையும் ஒத்துப்போனால் துணுக்கு எடுப்பதைத் தவிர்க்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மரபணுச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு நோய் என்று சொல்லிவிடக் கூடாது. நம்மில் மூவரில் ஒருவருக்கு அந்த வகை இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் கோதுமை தின்றும் நலமாகவே இருக்கிறார்கள்.

நவீனக் கோதுமையைத்தான் குறை சொல்ல வேண்டும், பழைய சம்பா கோதுமை தீங்கு செய்யாது என்று ஒரு கருத்து இயற்கை உணவு ஆர்வலர்களிடம் பரவியிருக்கிறது. அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன், ஆனால் இந்த அறிவுரை ஆபத்தானது. சம்பா கோதுமையும் கோதுமையே. பார்லியிலும் ரை தானியத்திலும் இதே குடும்பப் புரதங்கள் உள்ளன. பசுமைப் புரட்சிக் கோதுமை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன், கப்படோக்கியா நாட்டு மருத்துவர் அரட்டேயஸ் இதையொத்த நோயை எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்கக் கோதுமையில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் குளூட்டன் கூடியதற்குத் தெளிவான சான்று இல்லை என்று டொனால்ட் கசார்டா 2013இல் காட்டினார். கொஞ்சம் தின்றால் என்ன என்பது அடுத்த வாதம். அதற்குப் பதில் இத்தாலியில் கார்லோ கதாசி குழுவினர் 2007இல் வெளியிட்ட சோதனையில் இருக்கிறது. நாளொன்றுக்கு வெறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்தால் ஆறிய குடல் மீண்டும் சிதையத் தொடங்கியது. ஒரு சப்பாத்தியில் 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். அதில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது ஒரு சிட்டிகைத் துணுக்கு, நாள்தோறும் போதும். குளூட்டன் அற்றது என்று விற்கும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று உலக உணவுத் தரக் குழுவும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் வரம்பு வைத்தது இத்தகைய கணக்கினால்தான்.

இந்தக் கணக்கோடு நம் சமையலறைக்குள் நுழைந்தால் ஆறுதலும் அச்சமும் சேர்ந்தே கிடைக்கின்றன. உலகில் இந்த நோயாளிக்கு இவ்வளவு ஏற்ற சமையல் அரிது. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, பொங்கல், அடை, முறுக்கு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாமே இயல்பில் குளூட்டன் இல்லாதவை. இலண்டனிலும் டொரண்டோவிலும் அதிக விலை கொடுத்துக் குளூட்டனில்லா ரொட்டிப் பொட்டலம் வாங்கும் நோயாளிக்குக் கிடைக்காத வசதி இது. பொட்டல உணவுகளில் நார்ச்சத்தும் இரும்பும் குறைவு என்ற குறை உண்டு. சிறுதானியமும் பருப்பும் கீரையும் சேர்ந்த நம் உணவில் அதை எளிதாக ஈடுகட்டலாம். வெறும் வெள்ளைச் சோற்றோடு நின்றுவிட்டால் நம் நோயாளிக்கும் அதே குறை வரும். ஆபத்து மறைவாக இருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் ஊறுகாயிலும் அது நாள்தோறும் போகிறது. ரவை என்பது கோதுமை என்று தெரியாமலே ரவா இட்லியும் கேசரியும் பரிமாறப்படுகின்றன; சேமியா பாயசமும் அப்படியே. சோயா சாஸில் கோதுமை உண்டு. ஓட்டலில் கோபி வறுவலுக்கு மைதா தடவிய எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும் பொரியும். பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் ஊற்றப்படலாம். கேழ்வரகு தூயதுதான், ஆனால் மாவு மில்லில் முந்தையவர் கோதுமை அரைத்த கல்லிலேயே அது அரைபட்டால் தூய்மை போயிற்று. வீட்டில் கழுவி உலர்த்திச் சிறு இயந்திரத்தில் அரைத்துக்கொள்வதும், பெருங்காயத்துக்கு அரிசி மாவு கலந்த வகையைத் தேடுவதும், அது கிடைக்காவிட்டால் பெருங்காயமே இல்லாமல் தாளிப்பதும் இங்கே மருத்துவத்தின் பகுதி.

இதை முழுக்க நோயாளியின் கட்டுப்பாட்டுக்கு விட்டுவிடுவது நியாயமில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை தனிக் கரண்டி கேட்டால் அடம் என்கிறார்கள். மாமியார் வீட்டில் மருமகள் பூரியை மறுத்தால் வீம்பு என்கிறார்கள். கோயில் பிரசாதத்தை வாங்காமல் நிற்பவரும், தேவாலயத்தில் கோதுமை அப்பத்தைத் தயங்கி வாங்குபவரும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முழுக்கக் குளூட்டன் இல்லாத அப்பம் ஏற்புடையதன்று, மிகக் குறைந்த குளூட்டன் உள்ளது ஏற்புடையது என்று வத்திக்கான் 2017இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. அப்படியொன்று உண்டு என்பதைப் பங்குத்தந்தையிடம் கேட்கக்கூட அந்த நோயாளிக்கு முதலில் தன் நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த உறுதியான நோய்ப்பெயர் இத்தகைய இடங்களில் எல்லாம் கேடயமாகிறது. சோதனையை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். உணவுக் கட்டுப்பாட்டுக்கு மாற்றாக மருந்து எதையும் இப்போதைக்கு எதிர்பார்த்து இருக்க முடியாது. டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியைத் தடுக்கும் ஒரு மருந்து குடற்சேதத்தைக் குறைத்ததாக 2021இல் முடிவு வெளியானது. பெரிதாக நம்பப்பட்ட லாராசோடைட் என்ற இன்னொன்றின் இறுதிக்கட்டச் சோதனை 2022இல் கைவிடப்பட்டது. உணவுதான் இன்றும் சிகிச்சை.

இத்தாலி 2023இல் சட்டம் இயற்றி, எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் வகை நீரிழிவோடு சேர்த்துச் சீலியாக் நோயையும் தேட முடிவெடுத்தது. அங்கே நோய் நூற்றுக்கு ஒருவரைத் தாண்டுகிறது. ஆயிரத்தில் ஒருவரிடம் எதிர்ப்பொருள் என்ற விகிதம் உள்ள தமிழ்நாட்டில் ஊரையே சோதிக்க நான் கேட்கவில்லை, அது செலவுக்கும் தவறான எச்சரிக்கைகளுக்குமே வழிவகுக்கும். தேட வேண்டிய இடங்கள் தெரிந்தவை. முதல் வகை நீரிழிவு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், நோய் கண்டறிந்த நாளிலேயே, சப்பாத்தி அறிவுரைக்கு முன், இந்த இரத்தச் சோதனை நடக்கட்டும். மூன்று மாதம் இரும்புச்சத்து முறையாகக் கொடுத்தும் ஏறாத இரத்தசோகைக்கும், காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைவுக்கும், ஸ்ப்ரூ என்று ஊகிக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் நடக்கட்டும். ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவருக்கும் நடக்கட்டும். நெருங்கிய உறவினரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இது இருப்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்ததில் தெரிந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆய்வகத்தில் இந்த ஒரு சோதனைக்கான வசதியும், அங்கே உட்கார்ந்து பெருங்காய டப்பாவின் உறையைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஓர் உணவு ஆலோசகரும் இருந்தால், இதைத் தொடங்கிவிடலாம்.